இயந்திர இரைச்சலைக் குறைப்பது: எங்கே அளப்பது, எப்படிக் கணக்கிடுவது, எதை முதலில் தொடுவது

ஷெட்டுக்குள் சத்தம் தாங்கவில்லை என்று பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். காதடைப்பான்களை மொத்தமாக வாங்கி வைப்பார்கள். இல்லையென்றால் கூரையில் ஃபோம் ஒட்டும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுவார்கள். இரண்டாவதில் செலவு பெரிது. ஆனால் அதன் பலன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் கிட்டத்தட்டச் சேரவே சேராது. ஏன் என்பதைக் கீழே எண்களோடு காட்டுகிறோம். அதற்கு முன் டெசிபல் எப்படிக் கூடுகிறது, எப்படிக் கழிகிறது என்பது தெளிவாக வேண்டும். தவறான இயந்திரத்துக்குக் கூண்டு கட்டுவது அந்தக் கணக்கைப் போடாததால்தான் நடக்கிறது.

டெசிபல் கூட்டல்

டெசிபல் என்பது மடக்கை அளவு. 90 டெசிபல் தரும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதே போல இன்னொன்றை ஓட்டினால் கிடைப்பது 93. பத்து ஓடினால் 100. இரண்டு ஒலிகளுக்கு இடையே 10 டெசிபல் வித்தியாசம் இருந்தால், சிறியது மொத்தத்தில் 0.4 மட்டுமே கூட்டும். (இந்தக் கட்டுரையில் தனியாகச் சொல்லாத இடங்களில் டெசிபல் என்றால் ஏ-வெயிட்டிங் போட்ட அளவு, அதாவது காது கேட்கும் விதத்துக்கு ஏற்பக் குறைந்த அதிர்வெண்களைக் குறைத்து எடுத்தது.)

ஓர் ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் நான்கு மூலங்கள் தனித்தனியே இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்: நியூமேடிக் வால்வுகளின் காற்று வெளியேற்றம் 93, ஹைட்ராலிக் பம்ப் 88, கூலிங் ஃபேன் 86, கன்வேயர் 84. சேர்த்தால் 95. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது பம்ப். அதைக் கூண்டில் அடைத்து அதன் சத்தத்தை அறவே ஒழித்தால்கூட மொத்தம் 94-க்குத்தான் இறங்கும். ஆபரேட்டருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வால்வுகளுக்கு விரல் அளவு சைலன்சர்களைப் போட்டு 93-ஐ 78 ஆக்கினால் மொத்தம் 91 ஆகிவிடும். அதன் பிறகு பம்பையும் 78-க்குக் கொண்டுவந்தால் 89. அதே இரண்டு வேலைகள்தான், வரிசை மட்டும் மாறுகிறது. முதல் வேலைக்குப் பிறகு 4 டெசிபல் இறங்கியதைக் காட்டினால் இரண்டாவது வேலைக்கு நிதி கிடைக்கும். 1 டெசிபல் இறங்கியதைக் காட்டினால் திட்டமே அங்கே நின்றுவிடும்.

தனித்தனி அளவுகளை எடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மீட்டரை ஆபரேட்டரின் தலை இருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும்: ஹைட்ராலிக் மட்டும், பிறகு ஃபேன் மட்டும், பிறகு பொருள் இல்லாமல் வெறும் சைக்கிள், கடைசியில் பொருளோடு. தனியாக ஓட்ட முடியாததை நிறுத்திப் பார்த்து, மொத்தத்திலிருந்து, டெசிபலை ஆற்றலாக மாற்றிக் கழிக்கலாம். நிறுத்தியபோது 1 டெசிபல்கூட இறங்கவில்லை என்றால் கழித்தலை நம்பக் கூடாது. அளவீட்டுப் பிழையே அந்த அளவுக்கு இருக்கும். அந்த மூலத்தைச் சிறியது என்று எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவது போதும். இன்னொரு எச்சரிக்கை: லோடு இல்லாத பம்பும், 150 பாரில் தள்ளும் பம்பும் ஒரே பம்ப் அல்ல. கியர்பாக்ஸும் அப்படித்தான். லோடு இல்லாமல் எடுத்த அளவுக்குப் பக்கத்தில் அதைக் குறித்து வைக்காவிட்டால் பின்னால் அந்த எண் எல்லாரையும் ஏமாற்றும்.

அளவீடு

ஒலிமானி ஐ.இ.சி. 61672 தரத்தில், ஆக்டேவ் பேண்டு (சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும்) வசதியோடு இருக்க வேண்டும். கைபேசிச் செயலி எங்கே கவனிக்க வேண்டும் என்று காட்ட உதவும், அவ்வளவுதான். அளப்பதற்கு முன்னும் பின்னும் 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் தரும் காலிபரேட்டரை வைத்துப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் 0.5-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைய அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மீண்டும் எடுப்பதுதான் சரி. ஃபேன் காற்று படும் இடங்களில் மைக்குக்குக் காற்றுத் தடுப்புப் பந்து போடாவிட்டால் குறைந்த அதிர்வெண்களில் இல்லாத சத்தமெல்லாம் பதிவாகும்.

ஒரே ஒரு ஏ-வெயிட்டிங் எண்ணை வைத்துக்கொண்டு தீர்வைத் தேர்ந்தெடுக்க முடியாது. குறைந்த அதிர்வெண்களை ஏறக்குறைய அப்படியே எடுக்கும் சி-வெயிட்டிங் அளவையும் கூடவே எடுத்துப் பாருங்கள். சி, ஏ இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பிரச்சினை நடு, உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. உறை, உறிஞ்சும் பலகை எல்லாம் நன்றாக வேலை செய்யும். சி, ஏ-வை விட 10 டெசிபலுக்கு மேல் அதிகமாக இருந்தால் 63, 125 ஹெர்ட்ஸ் பக்கம் ஆற்றல் குவிந்திருக்கிறது, ஒலியை உறிஞ்சப் போடும் 50 மி.மீ. ராக்வூல் கம்பளியால் அங்கே ஒன்றும் ஆகாது.

அதிர்வெண்ணே பல சமயம் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். 12 இறக்கை உள்ள ஃபேன் நிமிடத்துக்கு 1450 சுற்று சுற்றினால் 290 ஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான முனை எழும். 24 பற்கள் உள்ள கியர் 1480 சுற்றில் 592 ஹெர்ட்ஸ். 9 பிஸ்டன் உள்ள ஹைட்ராலிக் பம்ப் அதே வேகத்தில் 222, அதன் மடங்குகளான 444, 666. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் முனகல் 100-ல். சுழற்சி வேகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, பரந்த 'ஷ்ஷ்' என்ற சத்தம் 2000-க்கு மேல் நிறைந்திருந்தால் காற்றுக் கசிவையோ ஊதும் நாசிலையோ தேடுங்கள்.

யார் எவ்வளவு நேரம்

காதில் ஏறும் கணக்கு அளவும் நேரமும் சேர்ந்தது. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதை அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கிறது. அளவு 3 கூடினால் அனுமதி நேரம் பாதியாகும். அதே நாட்டில் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஓஷாவின் விதியில் எல்லை 90, பாதியாவது 5-க்கு ஒரு முறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் 80, 85 என்று இரண்டு நடவடிக்கை அளவுகளும், காதுப் பாதுகாப்பையும் கணக்கில் எடுத்த பிறகு 87 என்ற எல்லையும் உண்டு. 95 டெசிபலில் ஓஷா கணக்குப்படி 4 மணி நேரம் நிற்கலாம். நியாஷ் கணக்குப்படி 48 நிமிடம். உங்களுக்குச் சட்டப்படி எது பொருந்தினாலும், திட்டமிடும்போது 3 டெசிபல் கணக்கையே போடுங்கள். அதுதான் ஒலி ஆற்றலை உள்ளபடி கூட்டுகிறது.

இந்தக் கணக்கு அடிக்கடி அதிர்ச்சி தரும். ஒருவர் நாளில் ஏழரை மணி நேரம் 84 டெசிபலில் வேலை செய்கிறார். மீதி அரை மணி நேரம், விட்டுவிட்டு, ஏர் கன்னால் சிம்புகளை ஊதித் தள்ளுகிறார். அப்போது காதருகே 100. எட்டு மணி நேரச் சராசரி 89.3 வருகிறது. அந்த அரை மணி நேரம் மட்டுமே, மற்ற நேரமெல்லாம் நிசப்தமாக இருந்திருந்தாலும், 88 டெசிபலுக்குச் சமம். ஏர் கன்னின் வெறும் குழாய் முனையைக் கழற்றிவிட்டு, பல சிறு துளைகள் உள்ள நாசிலைப் போட்டு 90-க்குக் கொண்டுவந்தால் சராசரி 84.7. இயந்திரத்தைத் தொடவே இல்லை.

அதனால் அளப்பதற்கு முன் அந்த ஆள் ஒரு ஷிஃப்ட் முழுக்க என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்து, வேலை வாரியாக நேரம் குறிப்பது அவசியம். ஐ.எஸ்.ஓ. 9612 இதற்கு மூன்று வழிகளைத் தருகிறது: வேலை வாரியாக அளப்பது, பணிக் குழு வாரியாக மாதிரி எடுப்பது, முழு நாளும் டோசிமீட்டரை (உடலில் அணியும் ஒலிமானி) மாட்டிவிடுவது. எந்த வேலையில் அளவு ஏறுகிறது என்று தெரிய வேண்டுமானால் முதல் வழிதான் பயன்படும். டோசிமீட்டர் நாளின் மொத்தத்தைச் சொல்லும். நேரப் பதிவு இல்லாவிட்டால் காரணத்தைச் சொல்லாது. மைக் தோளில் தட்டப்பட்டால் பொய்யான உச்சங்களும் ஏறிவிடும்.

கணித மாதிரி: காகிதத்தில் போடுவது எவ்வளவு தூரம் போதும்

புதிய இயந்திரம் வரப்போகிறது, அல்லது தீர்வுக்குச் செலவழிக்கும் முன் பலனை மதிப்பிட வேண்டும் என்றால் மாதிரி தேவை. முதலில் மூலத்தின் ஒலித்திறன் வேண்டும். ஒலி அழுத்தம் இடத்தைப் பொறுத்து மாறும். ஒலித்திறன் இயந்திரத்தோடே இருப்பது. 2 மீட்டர் நீளம், 1 அகலம், 1.5 உயரம் உள்ள இயந்திரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளி ஒரு கற்பனைப் பெட்டியை வரைந்தால் அதன் பரப்பு, தரையை விட்டுவிட்டு, 47 சதுர மீட்டர். அதன் மீது பல புள்ளிகளில் எடுத்த ஆற்றல் சராசரி 88 என்றால், 47-இன் மடக்கையைப் பத்தால் பெருக்கி 16.7 கூட்ட வேண்டும். பிறகு அறையின் எதிரொலி சேர்த்த பங்கைக் கழிக்க வேண்டும். கீழே சொல்லும் ஷெட்டில் அது 2.5. ஒலித்திறன் 102. ஐ.எஸ்.ஓ. 3746 சொல்லும் எளிய முறையின் சாரம் இதுதான். பக்கத்து இயந்திரங்களின் பின்னணி 3 டெசிபலுக்குள் நெருங்கியிருந்தால் இந்த அளவீடு செல்லாது. ஒலி எந்தத் திசையில் பாய்கிறது என்பதையும் அளக்கும் ஒலிச் செறிவு முறைக்குப் போங்கள், அல்லது மற்றவை ஓடாத நேரத்தில் வாருங்கள்.

இப்போது அந்தக் கூரை ஃபோம் விஷயம். 40 மீட்டர் நீளம், 20 அகலம், 7 உயரம் உள்ள ஷெட். கன அளவு 5600 கன மீட்டர், உட்பரப்பு 2440 சதுர மீட்டர். கான்கிரீட் தரை, உலோகக் கூரை, சுவர், உள்ளிருக்கும் சாமான்கள் எல்லாம் சேர்த்துச் சராசரி உறிஞ்சு எண் (மேலே படும் ஒலியில் உறிஞ்சப்படும் பங்கு) 0.1 என்று வைத்தால் மொத்த உறிஞ்சல் 244 சதுர மீட்டர். சபைன் சூத்திரப்படி எதிரொலி நேரம் (மூலம் நின்ற பிறகு ஒலி அடங்க எடுக்கும் நேரம்) 0.161 × 5600 ÷ 244, அதாவது 3.7 நொடி. கூரையின் 800 சதுர மீட்டர் முழுவதையும் 0.8 உறிஞ்சும் பலகையால் மூடினால் மொத்தம் 804 ஆகும். எதிரொலிப் புலம் 5 டெசிபல் இறங்கும். ஒப்பந்தக்காரரின் அறிக்கையில் வருவது இந்த எண்தான்.

இயந்திரத்திலிருந்து ஒரு மீட்டரில் நிற்பவருக்கு என்ன ஆகிறது? அவர் காதுக்கு வருவதில் பெரும்பங்கு இயந்திரத்திலிருந்து நேராக வருவது. நேரொலியையும் எதிரொலியையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவருக்குக் கிடைக்கும் குறைவு 0.3 டெசிபல். ஆம், பூஜ்ஜியம் புள்ளி மூன்று. பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து பரிசோதனை செய்பவருக்கு 5 டெசிபல் முழுதாகக் கிடைக்கிறது. நேரொலியும் எதிரொலியும் சமமாகும் தூரம் இந்த ஷெட்டில் 3.3 மீட்டர், கூரை வேலைக்குப் பிறகு ஏறத்தாழ 7. கூரை உறிஞ்சல் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. சின்னச் சின்ன இயந்திரங்கள் நிறைய நெருங்கி ஓடும் கூடத்தில், ஒவ்வொருவர் காதிலும் அடுத்தவர் இயந்திரங்களின் எதிரொலி ஓங்கியிருந்தால் அதுவே நல்ல தீர்வு. யாருக்காக இந்தச் செலவு என்று பெயர் குறிப்பிட்டுக் கேட்டால் விடை தானே வந்துவிடும்.

சபைன் கணக்குக்கும் எல்லை உண்டு. ஒலி அறை முழுக்கச் சீராகப் பரவியிருக்கிறது என்பது அதன் அடிப்படை. நீளமும் அகலமும் பெரிதாகவும் உயரம் குறைவாகவும் இருக்கும் தொழிற்கூடத்தில் அது பொய். தூரம் கூடக் கூட அளவு இறங்கிக்கொண்டே போகும். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். உறிஞ்சல் இல்லாத கூடத்தில் 2 முதல் 3, நன்றாக உறிஞ்சும் கூடத்தில் 4 அல்லது அதற்கு மேல். ஐ.எஸ்.ஓ. 14257 இந்தச் சரிவை அளக்கும் முறையைத் தருகிறது: ஒலித்திறன் தெரிந்த ஒரு ஸ்பீக்கரை வைத்து, நேர்கோட்டில் தள்ளித் தள்ளி அளப்பது. ஒலியைக் கதிர்களாகப் பின்தொடரும் கதிர் முறை மென்பொருள்கள் இதை நன்றாகவே கையாளும். ஆனால் அவற்றில் வழக்கமாகப் பிழை நுழையும் இடங்கள் மூன்று. இயந்திர உற்பத்தியாளர் லோடு இல்லாமல் அளந்த எண்ணை அப்படியே உள்ளே போடுவது. பெரிய இயந்திரத்தை ஒரே புள்ளியாக வைப்பது; பக்கத்தில் நிற்பவருக்குச் சத்தம் எந்த முகத்திலிருந்து வருகிறது என்பதே அப்போது தொலைந்துவிடும். ரேக்குகள், குழாய்கள், மற்ற இயந்திரங்கள் ஒலியைச் சிதறடிப்பதை விட்டுவிடுவது.

மாதிரியை நம்பும் முன், இன்று இருக்கும் நிலையை அது சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள். ஒவ்வோர் ஆக்டேவ் பேண்டிலும் 2, 3 டெசிபலுக்குள் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகவில்லை என்பதற்காகச் சுவரின் உறிஞ்சு எண்ணை மனம்போலத் திருகி ஒத்துப்போக வைப்பது வழக்கமாகிவிட்ட ஏமாற்று வேலை. அப்படித் திருகிய மாதிரி, தீர்வுக்குப் பிந்தைய நிலையைத் தப்பாகத்தான் சொல்லும். மென்பொருள் தரும் வண்ணப் படத்தைவிட, ஒவ்வோர் ஆபரேட்டர் இடத்திலும் எந்த மூலம் எத்தனை டெசிபல் தருகிறது என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

மூலத்திலேயே குறைப்பது

காற்றில் தொடங்குவது எப்போதும் லாபம். வால்வு வெளியேற்றத்துக்கு வெண்கலத் துகள் சைலன்சர்கள் 15 முதல் 25 டெசிபல் வரை குறைக்கும். அவை தோற்பதற்கு ஒரே காரணம் அடைப்பு: லூப்ரிகேட்டர் எண்ணெயும் தூசும் சேர்ந்து துளைகளை மூடும், பின்னழுத்தம் ஏறும், சிலிண்டர் மெதுவாகும், உற்பத்தி குறைகிறது என்று யாராவது சைலன்சரைக் கழற்றி டூல்பாக்ஸில் போட்டுவிடுவார்கள். போர்ட் அளவைவிட ஒரு படி பெரிய சைலன்சர், மாற்றும் தேதி எழுதிய அட்டவணை, இரண்டும் இருந்தால் இது நடக்காது. வால்வு நிறைய இருந்தால் எல்லா வெளியேற்றங்களையும் ஒரு பெரிய குழாயில் சேர்த்து, கடைசியில் ஒரே பெரிய சைலன்சர் வைப்பது இன்னும் நல்லது. ஊதும் நாசில்களில் வேகம்தான் எல்லாம்: ஒலியின் வேகத்துக்குக் கீழே ஓடும் தாரையின் ஒலித்திறன் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறுகிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஏறத்தாழ 8 டெசிபல் மிச்சம். நாசிலைப் பொருளுக்கு அருகில் கொண்டுபோனால் குறைந்த அழுத்தமே போதும். எப்போதும் ஊதிக்கொண்டிருக்காமல், பொருள் வரும்போது மட்டும் திறக்க ஒரு சோலினாய்டு வால்வு போட்டால் நேரமும் சேர்ந்து குறையும்.

ஃபேனில் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் சத்தம் 5 டெசிபல் இறங்கும், மின்செலவு பாதியாகும். ஆனால் காற்றோட்டமும் 20 சதவீதம் குறையும். தேவைக்கு மேல் ஓடிக்கொண்டு டேம்பரால் (காற்றுப் பாதையைச் சுருக்கும் தகடு) நெரிக்கப்படும் ஃபேன்களில் இது இலவச ஆதாயம். டேம்பரைத் திறந்து வைத்துவிட்டு மோட்டார் வேகத்தை மாற்றும் மின் டிரைவால் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். உறிஞ்சும் வாயில் முழங்கையோ டேம்பரோ ஒட்டியிருந்தால் கலங்கிய காற்று இறக்கையில் மோதும். குழாய் விட்டத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு நேர் நீளம் விட வேண்டும்.

ஹைட்ராலிக் பவர் பேக்கில் பம்ப் உண்டாக்கும் சத்தம் ஒரு பங்கு. பம்பின் துடிப்பைத் தொட்டியும் குழாய்களும் வாங்கி ஊதுவது பல பங்கு. மோட்டாரும் பம்பும் தொட்டி மூடியின் மேலேயே இறுக்கப்பட்டிருந்தால் தொட்டி ஒலிபெருக்கிதான். தனிச் சட்டத்தில் ரப்பர் மவுண்டில் வைத்து, இரு பக்கமும் ஹோஸ் போட்டு, குழாய்களை ரப்பர் உள்ள கிளாம்பால் பிடித்தால் நல்ல மாற்றம் தெரியும். கூழாங்கல் உருளுவது போன்ற சத்தம் திடீரென்று வந்திருந்தால் இதெல்லாம் வேண்டாம். உறிஞ்சு ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது எண்ணெய் மட்டம் இறங்கிக் காற்று புகுந்திருக்கிறது.

பிரஸ்ஸில் தகடு முறியும் கணத்தில் விசை ஒரேயடியாக விடுபடுவதுதான் அந்தப் 'படார்'. துளையிடும் எல்லா பஞ்ச்களும் ஒரே நேரத்தில் இறங்காமல் தகட்டுத் தடிமன் அளவுக்கு உயரத்தை மாற்றி வைத்தாலோ, பஞ்ச் முகத்தில் சாய்வு கொடுத்தாலோ அந்த விசை நீண்ட நேரத்தில் பரவும். அச்சு செய்பவரிடம் முன்பே பேசினால் செலவு சொற்பம். அச்சு வந்த பிறகு என்றால் யாரும் தொட விடமாட்டார்கள். வெட்டிய துண்டுகள் தொட்டியில் விழும் சத்தமும் இதே கூடத்தில்தான் இருக்கும். ஒரு மீட்டர் விழுவதை 25 செ.மீ. ஆக்கினால் மோதல் ஆற்றல் நாலில் ஒன்றாகும், 6 டெசிபல் குறையும். சரிவுப் பாதையின் உட்புறம் தேய்மானம் தாங்கும் ரப்பர் போட்டால் இன்னும் இறங்கும்.

தகடுகளைத் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று நீண்டு ஒலித்தால் அதிர்வு தணிப்பு உதவும். 'தொப்' என்றால் அதில் காசு போடாதீர்கள். நடுவில் பிசின் அடுக்கு உள்ள ஒட்டுத் தகடு, மூலத் தகட்டின் தடிமனில் 40 முதல் 100 சதவீதம் இருந்து, பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தை மூடினால் போதும். 3 மி.மீ.-க்கு மேல் தடித்த தகடுகளில் பலன் வேகமாகக் குறையும். கை படாமல் தடுப்பதற்கு மட்டுமே உள்ள பாதுகாப்புத் தடுப்பு (கார்டு) என்றால் தகடே வேண்டாம், துளைத் தகடோ வலையோ போடுங்கள். அதிரும் பரப்பின் இரு பக்கக் காற்றும் துளை வழியே சமமாகிவிடுவதால் அது சத்தம் எழுப்பாது. ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்தக் கார்டு உள்ளிருக்கும் வேறு சத்தத்தை மறைத்துக்கொண்டிருக்கிறதா?

அதிர்வு தாங்கிகளில் நடக்கும் தவறு ஒன்றே. நிமிடத்துக்கு 1480 சுற்று என்றால் 24.7 ஹெர்ட்ஸ். தாங்கியின் இயல்பு அதிர்வெண் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 ஹெர்ட்ஸ் அளவுக்குள் இருக்க வேண்டும். எடை ஏறியதும் தாங்கி எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று பார்த்து, 15.8-ஐ அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். 4 மி.மீ. அமுங்கினால் 7.9, ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு விசைதான் தரைக்குப் போகும். கடினமான ரப்பர் பேட் 0.2 மி.மீ. மட்டுமே அமுங்கினால் 35 ஹெர்ட்ஸ். அங்கே விசை குறைவதற்குப் பதில் இரட்டிப்பாகிறது. பேட் போட்ட பிறகு மோசமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்புங்கள். ஸ்பிரிங் போட்டும் பலன் இல்லை என்றால், போக்குவரத்துக்காக இறுக்கிய போல்ட் கழற்றப்படாமல் இருக்கிறதா, விறைப்பான குழாயோ கேபிள் பைப்போ சட்டத்தைக் கட்டடத்தோடு கட்டிவைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

உறை

மூலத்தில் முடியாதபோதுதான் உறை. 1.2 மி.மீ. எஃகுத் தகட்டின் எடை சதுர மீட்டருக்கு 9.4 கிலோ, நிறை விதிப்படி (எடை கூடக் கூடத் தடுப்பும் கூடும்) 500 ஹெர்ட்ஸில் 26 டெசிபல், 125-ல் 14 தடுக்கும். இது தகட்டின் திறன், உறையின் திறன் அல்ல. உள்ளே உறிஞ்சும் அடுக்கு இல்லாவிட்டால் ஒலி உள்ளேயே மோதிமோதிக் கூடும். உள் உறிஞ்சல் 0.1 என்றால் 10 டெசிபலை இழக்கிறீர்கள், 0.7 என்றால் ஒன்றரை. ஆகவே 500 ஹெர்ட்ஸில் வெறும் தகட்டு உறை 16, கம்பளி போட்டது 24 அல்லது 25. அதே 50 மி.மீ. கம்பளி 125 ஹெர்ட்ஸில் 0.2 அளவுக்கே உறிஞ்சுவதால் அங்கே மிஞ்சுவது 7. மோட்டார் முனகலுக்கு உறை ஏன் கைகொடுக்கவில்லை என்ற கேள்விக்கு இதுதான் பதில். அங்கே தடிமனையும் எடையையும் கூட்ட வேண்டும், அல்லது மூலத்துக்கே திரும்ப வேண்டும்.

கம்பளி என்பது ராக்வூல், கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ அடர்த்தி. அதன் மேல் கண்ணாடித் துணி, அதற்கு மேல் 30 சதவீதமாவது திறப்புள்ள துளைத் தகடு. எண்ணெய்ப் புகை உள்ள இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றால் கம்பளியை மூட வேண்டும். எண்ணெய் குடித்த கம்பளி தீக்கு விருந்து. படலத்தை இழுத்து ஒட்டாமல் தளர்வாக விட வேண்டும், இல்லையென்றால் உயர் அதிர்வெண்ணில் உறிஞ்சாது.

உறையைக் கெடுப்பது இடுக்கு. 30 டெசிபல் தடுக்கும் உறையில் ஒரு சதவீதம் திறப்பு இருந்தால் முழு உறையும் 20-க்கு மேல் போகாது; 10 சதவீதம் திறந்தால் 10. 2 மீட்டர் நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம் உள்ள உறையின் பரப்பு 13.5 சதுர மீட்டர். அதில் ஒரு மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரம் உள்ள கதவைச் சுற்றி வெறும் 3 மி.மீ. இடைவெளி இருந்தால் 138 சதுர செ.மீ.; பரப்பில் 0.1 சதவீதம், 30-ஐ 27 ஆக்க அதுவே போதும். அழுத்திப் பிடிக்கும் ரப்பர் கேஸ்கெட், இரண்டு இடத்தில் இறுக்கும் தாழ்ப்பாள், தரையோடு சேரும் இடத்தில் கனமான ரப்பர் பட்டை, குழாய் நுழையும் துளைகளில் ராக்வூலும் சீலண்டும். உறை இயந்திரத்தை எங்கும் தொடக் கூடாது; தொட்டால் உறையே அதிரும்.

அடுத்தது வெப்பம். பெரும்பாலான உறைகள் கழற்றி மூலையில் சாய்த்து வைக்கப்படுவதற்குக் காரணம் உள்ளே சூடு ஏறி மோட்டார் ட்ரிப் ஆவதுதான். 10 கிலோவாட் வெப்பம், 10 டிகிரி உயர்வு அனுமதி என்றால் நொடிக்கு 0.83 கன மீட்டர், மணிக்கு 3000 கன மீட்டர் காற்று வேண்டும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அதற்கு 0.28 சதுர மீட்டர் திறப்பு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மேலே சொன்ன உறையில் இவை இரண்டும் சேர்ந்து 4 சதவீதம்! வெறும் ஓட்டையாக விட்டால் உறை 14 டெசிபலில் நின்றுவிடும். இரண்டுக்கும் உறிஞ்சும் அடுக்கு போட்ட பாதை வேண்டும். அகலமான ஒரே பாதையைவிட, 100 மி.மீ. இடைவெளியில் தடுப்புப் பலகைகள் நிற்க வைத்த குறுகிய பாதைகள் மீட்டருக்கு இரண்டு மடங்குக்கு மேல் தணிக்கும். அழுத்த இழப்பைக் கணக்கிட்டு ஃபேனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணெய் மட்டக் கண்ணாடி, ஃபில்டர், ரீசெட் பட்டன் ஆகியவற்றுக்குத் தனிச் சிறு கதவுகள் வைத்தால் மெயின்டனன்ஸ் ஆட்கள் உறையைப் பகையாகப் பார்க்க மாட்டார்கள். அவர்களிடம் வரைபடத்தைக் காட்டாமல் உறையை ஆர்டர் செய்யவே கூடாது.

நிறுத்திவைக்கும் தடுப்புத் திரை கூடத்துக்குள் பெரிதாக உதவாது. மேலே கூரை ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். கூரையிலும் உறிஞ்சல் போட்டு, திரையை மூலத்துக்கு ஒட்டி வைத்தால் 5 முதல் 8 டெசிபல் எதிர்பார்க்கலாம்.

காதடைப்பான்

இது கடைசி வரிசை. கணக்கைப் பார்த்தால் காரணம் தெரியும். 30 டெசிபல் தடுக்கும் மஃப் (காதை முழுதாக மூடும் காதடைப்பான்) ஒன்றை எட்டு மணி நேரத்தில் அரை மணி நேரம் மட்டும் கழற்றினால் நாள் முழுவதுக்கும் கிடைக்கும் பாதுகாப்பு 12 டெசிபல். பேசுவதற்கும் வியர்வை துடைப்பதற்கும் யாராக இருந்தாலும் அந்த அளவுக்குக் கழற்றத்தான் செய்வார்கள். மஃபின் மெத்தைக்குக் கீழே மூக்குக்கண்ணாடியின் காம்பு இருந்தால் இடுக்கு விழும். அளவுக்கு மீறித் தடுக்கும் மஃபும் தப்பு: காதுக்குள் 70-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை மணியும் ஃபோர்க்லிஃப்டும் கேட்காமல் போகும்.

வாங்கும்போது

புதிய இயந்திரத்துக்கான கொள்முதல் ஆணையில் எழுத வேண்டியது ஆபரேட்டர் இடத்து ஒலி அளவு, ஒலித்திறன், எந்த லோடில், எந்த அச்சோடு, எந்தத் தரப்படி அளந்தது. 'சத்தம் குறைவானது' என்ற வாக்கியத்துக்கு மதிப்பில்லை. ஐ.எஸ்.ஓ. 4871 முறையில் அறிவிக்கும்போது அளவு ஒன்றும், நிச்சயமின்மை ஒன்றும் வரும்: 84, 3 என்று எழுதியிருந்தால் அந்த ஒரு இயந்திரத்தை அளக்கும்போது 87 வரை வந்தாலும் விற்றவர் வாக்குக் காத்ததாகவே பொருள். ஆகவே உங்கள் மாதிரியில் 84-ஐப் போடாமல் 87-ஐப் போடுங்கள். நிறுவிய பிறகு உங்கள் பொருளை ஓட்டி அளந்து ஏற்பதும், அதுவரை கடைசித் தவணையை நிறுத்திவைப்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து அதே புள்ளியில் மீண்டும் அளந்து பாருங்கள். 3 டெசிபல் ஏறியிருந்தால் பெரும்பாலும் உறையின் ஒரு கதவு கேஸ்கெட் கிழிந்திருக்கும், அல்லது சைலன்சர் ஒன்று டூல்பாக்ஸுக்குப் போயிருக்கும்.